புதன்கிழமை வடக்கே சூலம்

எங்கள் குடும்பத்தில் யாராவது வெளியூர் போக நினைத்தால் முதலில் டிக்கெட்டைப் பார்க்கமாட்டார்கள். அடையாறில் இருக்கும் அத்திம்பேரைப் பார்ப்பார்கள். அவர் என் கணவரின் அக்காவைக் கட்டியவர். ஒரு காலத்தில் குடும்பம் மொத்தத்தையும் காசிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த ஒரு புண்ணியத்தை வைத்துக்கொண்டு, உலகத்தில் எந்த மூலைக்குப் போவதானாலும் தன்னைக் கேட்டுத்தான் போகவேண்டும் என்று இன்றுவரை சட்டமாக உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்காமல் திருத்தணிக்குப் போய்வந்த ஒரு தம்பதியோடு அவர் ரொம்ப நாள் பேசவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். எரிமலை, நில அதிர்வு, வெந்நீர் ஊற்று என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டேன். ஒரு வெந்நீர் ஊற்றிலும் விரலை நனைத்ததில்லை. நான் பார்த்த பூமி திருப்பதி, ராமேஸ்வரம், அப்புறம் அந்தப் பிரசித்தி பெற்ற காசி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மயிலாப்பூர் வீட்டில் காலைக் காப்பியின்போது கணவரிடம் ஜப்பான் போகலாம் என்றேன். அவர் பேப்பரை இறக்காமலே சொன்னார்.

"அத்திம்பேரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

அப்போதே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வேலியிலே போன ஓணானை அவர் எடுத்தார், நான் மடியில் கட்டிக்கொண்டேன். அத்திம்பேரும் அக்காவும் கூடவே வருவதாக அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது.

ஜப்பானில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். டோக்கியோவுக்கு வடக்கே மலைக்குள் ஒரு சின்ன ஊர். அங்கே மரத்தால் கட்டிய பழைய விடுதி. பனி விழும் மாதத்தில் வெளியே வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை உட்காரலாம். அறையில் கட்டில் கிடையாது. பாயின்மேல் மெத்தை விரிப்பார்கள். அதையும் ஒரு பெண் வந்து விரித்துப் போடுவாளாம், சாப்பாட்டையும் அறைக்கே கொண்டுவருவாளாம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு யாரும் படுக்கை விரித்ததில்லை. எனக்கும் கணவருக்கும் மட்டும் இடம் கேட்டு அந்த விடுதிக்கு நானே எழுதினேன். மீன் போட்டுக் காய்ச்சிய சாறுகூட ஆகாது என்று எழுதினால், காளானும் கடற்பாசியும் ஆகுமா என்று பதில் வந்தது. இரண்டு பேரின் உயரம் என்ன, அங்கே உடுத்தும் அங்கியை அளவாக எடுத்துவைக்கவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ரவிக்கை தைக்கிறவரைத் தவிர என் அளவை இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த மாதத்தில் அவர்களிடம் ஒரே ஒரு இரவுதான் காலியாக இருந்தது, ஒரு புதன்கிழமை. அதைப் பிடித்துவைத்தேன். எனக்குப் பயணமே அந்தப் புதன்கிழமைதான்.

மற்ற ஏற்பாடுகளுக்காக நாங்கள் நாலு பேரும் தி. நகரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனோம். அவர் எங்கள் நெற்றிகளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த விளம்பரத் தாளை எடுத்து முன்னால் போடவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"அங்க போயி இன்னா சாப்புடுவீங்க சார்? எல்லாத்துலயும் மீனு கீது. நம்ம குரூப்புல வாங்க. சமையல்காரரு கூடவே வர்றாரு. காலைல பொங்கல், நைட்டு தயிர்சாதம். ஊருதான் ஜப்பான், சாப்பாடு நம்ம வூட்டு சாப்பாடு."

"ரசம் உண்டோ?" என்று கேட்டார் அத்திம்பேர்.

ரசமும் உண்டாம். ரசத்துக்காகக் கடல் தாண்டிப் போகும் ஒரு கூட்டம் இருக்கிறது, அதற்கு முன்பதிவும் நடக்கிறது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அத்திம்பேர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அங்கே கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதற்கு வேறொருவன் இருந்தான். அது அவருக்குப் பொறுக்கவில்லை. விசாவும் விமானமும் டிராவல்ஸ்காரர் பார்த்துக்கொள்ளட்டும், தங்குவதும் போவதும் தன் பொறுப்பு என்று கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அடையாறில் அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. ஹோட்டலுக்கு அவர் போட்ட நிபந்தனைகளைக் கேட்டால் அந்த நாடே எழுந்து ஓடிவிடும். ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கவேண்டும். அறையில் குக்கர் வைத்தால் புகை மணி அடிக்கக்கூடாது. பக்கத்தில் இட்லி கிடைக்கவேண்டும். கழிப்பறையில் சொம்பு இருக்குமா என்று ஒவ்வொரு ஹோட்டலுக்கும் எழுதிக் கேட்கச் சொன்னார். பொத்தானை அமுக்கினால் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பீய்ச்சும் நாடு அது. நான் சொன்னேன். "பொத்தான் ரிப்பேரானா?" என்றார். பிளாஸ்டிக் மக் ஒன்று பெட்டிக்குள் போயிற்று.

ரயில் பேச்சு அதைவிட மோசம். புல்லட் ரயிலில் தனக்கு லோயர் பெர்த் வேண்டும் என்றார். அது இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் வண்டி, உட்கார்ந்துதான் போகவேண்டும் என்றேன். "இவ்வளவு பணம் வாங்கறான், படுக்க இடம் தரமாட்டானா?" என்று ஜப்பான் ரயில்காரன்மேல் கோபப்பட்டார். என் கணவர் தலையை ஆட்டினார். அத்திம்பேர் எது சொன்னாலும் ஆட்டுவதற்கென்று அவருக்கு ஒரு தலை இருக்கிறது.

பெட்டிகளைப் பற்றியும் சண்டை வந்தது. அந்த ஊரில் ஒரு ஹோட்டலில் பெட்டியைக் கொடுத்துவிட்டால் மறுநாள் அடுத்த ஊர் ஹோட்டலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். வெறுங்கையோடு ரயில் ஏறலாம். இதைச் சொன்னதும் அத்திம்பேர் சிரித்தார்.

"நாம வராம பெட்டி மட்டும் முன்னாடி போறதாவது! நன்னாயிருக்கு கதை."

இதைச் சொன்ன மனிதர், நல்ல நாளில் கிளம்ப முடியாதென்று அதே வாரம் தன் பெட்டியைப் பரஸ்தானம் வைத்துவிட்டு வந்திருந்தார். அதாவது, ஆள் பிறகு போனாலும் பயணம் நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டதாகக் கணக்கு வருவதற்காக, பெட்டியை மட்டும் நங்கநல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது. அவர் பெட்டி அங்கே மாவு டின்னுக்குப் பக்கத்தில் ஜப்பான் போய்க்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் அனுப்பினால் கதை, இவர் அனுப்பினால் சாஸ்திரம்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். குக்கரும் வரட்டும், சொம்பும் வரட்டும், புதன்கிழமை எனக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று அத்திம்பேர் சுவரிலிருந்து தினசரிக் காலண்டரையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் அந்தக் கிழமைக்கு எந்தத் திசையில் சூலம் என்று போட்டிருக்கும். சூலம் இருக்கும் திசையில் பயணம் கூடாது. அதைப் பார்த்து அவர் ஜப்பான் முழுவதையும் வெட்டி ஒட்டினார். கியோட்டோ மேற்கே, அதனால் வெள்ளியும் ஞாயிறும் கூடாது. சென்னையிலிருந்து டோக்கியோ கிழக்கே, அதனால் திங்களும் சனியும் கூடாது. வாய் சும்மா இருக்காமல், அது கிழக்கு இல்லை, வடகிழக்கு என்று திருத்தினேன். எத்தனை வருஷத்துப் பழக்கம்!

"பார்த்தியா, நல்லவேளை சொன்னே. அப்போ வடக்கும் சேர்ந்துடறது. செவ்வாயும் புதனும்கூடக் கூடாது" என்று மேலும் இரண்டு நாட்களை அடித்தார். என் பூகோளத்தால் உலகத்துக்குக் கிடைத்த பலன் அதுதான்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, உன்னோட அந்த மலை விடுதி. புதன்கிழமை வடக்கே சூலம். அதை எடுத்துடலாம்."

நான் எழுந்துபோய் அவர் மடியில் இருந்த தாளைக் காட்டினேன். சூலத்துக்குப் பக்கத்திலேயே பரிகாரமும் அச்சடித்திருந்தது. வடக்குக்குப் பால்.

"ஒரு வாய் பாலைக் குடிச்சுட்டுக் கிளம்பினா ஆச்சு அத்திம்பேர். போன மாசம் புதன்கிழமை திருப்பதி போனேளே, அது வடக்கு இல்லையா?"

"அது ஸ்வாமி காரியம். அதுக்கு சூலம் கிடையாது."

"சரி, இதுக்குத்தான் பால் இருக்கே."

"அந்தப் பனியில பாலுக்கு எங்கே போறது?"

"ஏன், டோக்கியோவுல மாடே கிடையாதா?"

அக்கா சிரித்துவிட்டாள். அத்திம்பேருக்கு முகம் சிவந்தது. என் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏன்டாப்பா, வாயைத் திறந்து நீயே சொல்லேன். உனக்காக நான் எத்தனை நாழி சூலத்தைத் தூக்கிண்டு நிக்கறது?"

என் கணவர் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி எப்போதோ தீர்ந்திருந்தது.

"அங்கே குளிக்கற இடத்துல எல்லாரும் ஒண்ணா... துணியே இல்லாம குளிக்கறாளாம். எனக்கு அது சரிப்படாது. உன்கிட்ட சொன்னா நீ கத்துவே. அதான் அத்திம்பேர்கிட்ட..."

முடிக்கவில்லை. அவர் எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை, முடித்துவைக்க நான் இருந்தேன். வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயும் துண்டு கட்டிக்கொண்டு குளிக்கும் மனிதர் அவர். இது எனக்குத் தெரியாதா? அதனால்தான் விடுதிக்கு முதல் முதலில் எழுதியபோதே, பூட்டிக்கொண்டு தனியாகக் குளிக்கும் ஊற்று ஒன்று வேண்டும் என்று அவருக்காகக் கேட்டு வாங்கிவைத்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் அடையாறுவரை போய்க் காலண்டரைத் தூது அனுப்பினார்.

எய்தவன் என் வீட்டிலேயே இருக்க, இத்தனை வாரமாக அம்பை நொந்துகொண்டிருந்திருக்கிறேன். அத்திம்பேர் முட்டாள்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் வாயைத் திறந்து, எல்லார் எதிரிலும், வெட்கமில்லாமல் முட்டாளாக இருந்தார். அன்று அந்தக் கூடத்தில் எனக்கு அவர்மேல்கூடக் கொஞ்சம் மரியாதை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்மேல் இருந்தது போயிற்று.

"நான் மட்டும் போறேன். ஒரு ஆள்னு மாத்தி எழுதிடறேன்" என்றேன்.

"தனியாவா? அந்தக் குளிர்லயா?" என்றாள் அக்கா. "நாலு பேர் என்னடி சொல்லுவா?"

"எந்த நாலு பேர் அக்கா? ஜப்பான்காராளா?"

தனி ஊற்றைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பும்போது ஆட்டோ சாந்தோம் தாண்டியதும் என் கணவர், வீட்டில் தயிர் இருக்கிறதா என்று கேட்டார்.

கடைசியில் ஜப்பான் போனோம். சூலத்துக்குத் தப்பிய ஒரு வியாழக்கிழமை விமானம் ஏறினோம். டோக்கியோவில் புகை மணி முதல் நாளே அடித்தது. குக்கரை ஹோட்டல்காரர்கள் தலை குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டு போனார்கள். அத்திம்பேர் அந்த வணக்கத்தைத் தன் மரியாதைக்கு என்று எடுத்துக்கொண்டார். பொத்தான் எதுவும் ரிப்பேராகவில்லை.

புதன்கிழமை காலை நான் ஒரு சின்னப் பையோடு கிளம்பினேன். என் கணவர் ஸ்டேஷன்வரை வருகிறேன் என்றார். நடைமேடையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் போனார். நான் பையைத் திறந்து ஒரு முறை பார்த்துக்கொண்டேன். விடுதிக்கு ஒரு ஆள் என்று மாற்றி எழுதுவதாக எல்லார் எதிரிலும் சொன்னேனே தவிர, நான் எழுதவே இல்லை. அங்கே அவர் உயரத்துக்கும் ஒரு அங்கி மடித்து வைத்திருப்பார்கள். அவருக்கான ரயில் டிக்கெட் என் பையில், என் டிக்கெட்டோடு சேர்ந்தே இருந்தது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும், எடுத்து நீட்டியிருப்பேன்.

அவர் வந்தார். கையில் ஒரு சின்னப் பால் டப்பா. நீட்டினார்.

"வடக்கே சூலம்" என்றார்.

வாங்கிக் குடித்தேன். பால் ஜில்லென்று இருந்தது. நான் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். மணி அடித்தது. அவர் டப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் தேட ஆரம்பித்தார்.

நான் ஏறிக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்தேன்.