கத்தரியைத் திருப்பித் தந்தவர்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் எனக்கு. நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. எழுதுவது பேசுவதைவிடச் சுலபம் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருஷம் எனக்கு எந்தக் கஷ்டமும் வரவில்லை. வீட்டில் சண்டை கிடையாது, வேலைக்கும் குறைவில்லை. ஆனால் ஆடி மாதத்திலிருந்தே உள்ளே ஏதோ அணைந்துபோயிருந்தது. விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க மட்டும் முடியாது. சோறு காகிதத்தை மெல்வது போல இருக்கும். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது குனிந்து தூக்கக் கை வராது. அது அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்விடும். இரண்டு வேளை சாப்பிடுகிறவனுக்கு என்ன துக்கம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். மனைவி கயிறு மந்திரித்துக் கட்டினாள். முருகன் கோயிலில் பூப் போட்டு வாக்குக் கேட்டாள். நல்ல பூவே வந்தது. அதற்கும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அது ஒரு வியாதி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வியாதிதான் பேசுகிறது என்று தெரியாமல், நான் இல்லாமல் போனால் இவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று அது சொன்னதை என் சொந்த யோசனை என்று நம்பினேன். ஐப்பசியில் ஒரு நாள் முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதை நான் எழுதப் போவதில்லை, யாருக்கும் அது வேண்டாம்.

முடிவு செய்த பிறகு பாரம் இறங்கிவிட்டது. அதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது. நன்றாகச் சாப்பிட்டேன். கம்பெனியில் மற்றவர்கள் பேசினால் சிரித்தேன். குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். மனைவி, “இப்பத்தானுங்க உங்க மொகத்துல களையே வந்திருக்குது” என்று சொல்லிவிட்டு, வேண்டுதல் பலித்தது என்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். அந்தத் தேங்காயை நானும் கடித்துத் தின்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் முதலாளியுடையது, நூல் வெட்டும் கத்தரி மட்டும் டெய்லருடையது. பிடியில் பனியன் துணியைச் சுற்றி, கட்டைவிரலுக்குத் தோதாகப் பழக்கி வைத்திருப்போம். கூடப் பிறந்தவன் கேட்டாலும் இரவல் தர மாட்டோம். கம்பெனி மாறுகிறவன் சனிக்கிழமை சாயங்காலம் கத்தரியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகுவான். அதைப் பார்த்தாலே திங்கட்கிழமை வர மாட்டான் என்று தெரிந்துவிடும்.

ஒரே மோட்டாரில் ஓடுகிற நீள மேஜை எங்களுடையது. எனக்கு எதிரே உட்கார்ந்து தைத்தவர் வேலம்பாளையத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் ஓயாமல் கேலி பேசுவார். அந்தச் சனிக்கிழமை மோட்டார் நின்றதும் என் கத்தரியைத் துடைத்து அவரிடம் நீட்டி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மேஜையே சிரித்தது. எந்தக் கம்பெனிக்குத் தாவுகிறாய் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். “புதுக் கம்பெனிக்காரன் தங்கத்துல கத்திரி அடிச்சு வெச்சிருக்கறானாட்ட இருக்குது” என்றார் அவர். நானும் சிரித்தேன். அவர் கத்தரியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவர்தான். வேட்டியில் எண்ணெய்க் கறை, கையில் சைக்கிள் துடைக்கும் துணி அப்படியே இருந்தது. என் மனைவியிடம், பெருமாநல்லூர் வரை போய்விட்டு வருகிறோம் என்றார். என்னைப் பார்த்து, கேரியரில் உட்காரு என்றார். காரணம் கேட்க எனக்குக் கூச்சம். உட்கார்ந்தேன்.

வழியில் ஒரு கேலிகூட அவர் செய்யவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் சோளக்காடு வந்த பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“கம்பெனி மாறறவன் மொதல்ல கத்திரியத்தான் எடுத்துச் சொருகுவான். நீ அதையக் குடுத்துட்டுப் போறே. எங்க போறே தம்பி?”

சோளத் தட்டைகளைப் பார்க்கிறவன் போல நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“செத்துப் போயரலாம்னு இருக்கறயா?”

அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் மனசுக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. எதிரே முகம் இருந்திருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். என் முன்னால் இருந்தது வேர்த்து நனைந்த ஒரு முதுகு. அதைப் பார்த்துக்கொண்டு, “ஆமாங்கண்ணா” என்றேன்.

அவர் வண்டியை நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டே அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். சாமளாபுரத்தில் தறி ஓட்டியவராம். பல மாதம் யாரோடும் பேசாமல் கிடந்து, திடீரென்று ஒரு நாள் தெளிந்து, தன் சைக்கிளைத் துடைத்துத் தம்பிக்குக் கொடுத்தாராம். “இந்த வண்டிதான். நான் ஊரெல்லாம் ஓட்டிக் காட்டுனேன். அண்ணன் குடுத்தான், அண்ணன் குடுத்தான்னு. ஏங் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. மூணா நாளு அவன் இல்ல.” ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வண்டியைத் துடைப்பது அவர் வழக்கம். அன்று காலை துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பையில் இருந்த என் கத்தரி ஞாபகம் வந்து கை நின்றுவிட்டதாம். இதைச் சொல்லும்போது வண்டி கோணலாகப் போய்ச் சோளக்காட்டு வேலியை உரசியது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு வறண்டு போயிருந்தேன்.

திரும்பி வந்து, என் மனைவியிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் அவர் எங்கள் வீட்டை விட்டு நகரவில்லை. திங்கட்கிழமை குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேருமாக ரயிலேறிக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர், காய்ச்சல் உடம்புக்கு வருகிற மாதிரி இது மனசுக்கு வருகிற நோய், மருந்து உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். சில நாள் படுக்க வைத்தார்கள். சோற்றில் உப்பு இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியவே தை மாதம் ஆகிவிட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று, அவர் கொண்டு வந்து வைத்த என் கத்தரி மெஷின் மேல் இருந்தது. அதை எடுத்து முதல் நூலை வெட்டினேன்.

பிறகு அவர் வேறு கம்பெனிக்கு மாறினார். போகிற அன்று என்னிடம் வந்து வேட்டி மடிப்பை விலக்கிக் காட்டி, “நல்லாப் பாத்துக்க தம்பி, நான் கத்திரியோடதான் போறேன்” என்றார்.

அந்த வியாதி என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தது, மழைக்காலம் தொடங்கினாலே எனக்குப் பயம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்தச் சைக்கிளில் வந்து என்னைப் பின்னால் உட்கார வைத்து, சோளக்காடு வந்ததும் திரும்பிப் பார்க்காமல் அதே கேள்வியைக் கேட்கிறார். சில வாரங்களில் என் பதில் இன்னும் “ஆமாங்கண்ணா” என்றுதான் வருகிறது. அன்றைக்கு அவர் வண்டியைத் திருப்பாமல் இன்னும் கொஞ்சம் தூரம் மிதிக்கிறார். அடுத்த ஞாயிறும் அவர் கேட்பார், பதில் சொல்ல நான் இருக்க வேண்டும் என்ற ஒன்றைத்தான் அந்த நாட்களில் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.