உள்ளே தெரிகிற குழாய்

சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது என்னைவிட மூன்று வயது மூத்த கார் ஒன்று என்னிடம் இருந்தது. கடலூர் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தெரிந்தும் ஆசைப்பட்டு வாங்கியது. நான் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்துப் பழகியவனுக்குத் தன் தப்பு சுலபத்தில் கண்ணில் படாது. மெக்கானிக்கிடம் விடாமல் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்ற வீம்பு வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பில் கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சிதம்பரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் மனைவி, அவள் மடியில் எங்கள் எட்டு வயது மகள். எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போயிற்று. மறுபடி மிதித்தும் அதே கதி. ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. மகள் அழவில்லை. மனைவியின் இரண்டு கைகளும் அவளைச் சுற்றி இறுகியிருந்தன. ரயில் கடந்து போன பிறகும் அந்தக் கைகள் தளரவில்லை.

"அதான் ஒண்ணும் ஆகலியே," என்றேன்.

அவள் மகளை இறக்கிக்கொண்டு தானும் இறங்கினாள். "நாங்க பஸ்ஸுல போறோம். இந்த வண்டியில எம்புள்ளைய இனிமே ஏத்த மாட்டேன்."

வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். பிரேக் குழாய்க்குள் எண்ணெய் மட்டும்தான் இருக்க வேண்டும். காற்று புகுந்துவிட்டால் நாம் மிதிக்கிற பலமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே சக்கரத்தின் பின்னாலுள்ள சின்னத் திருகைத் திறந்து, எண்ணெயோடு சேர்த்துக் காற்றையும் வெளியேற்ற வேண்டும். அதை முந்தின வாரம்தான் செய்திருந்தேன். திருகில் மாட்டுவதற்கு சைக்கிள் வால் டியூப்பை எடுத்திருந்தேன். கறுப்பு ரப்பர். உள்ளே குமிழி வருகிறதா இல்லையா என்று தெரியாது. இவ்வளவு வந்தால் போதும் என்று குத்துமதிப்பாக மூடிவிட்டேன். பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வண்டியில்தான் என் பிள்ளையை ஏற்றிப் போனேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை கடலூர் பழைய டவுனில், ஓ.டி.யில், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு ஸ்பேனர்களை மேஜையில் வைத்தார். "ஒங்க வண்டி இஞ்ச் கணக்கு சார். மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டீங்கன்னா திருகு மழுங்கிடும். ரிங் ஸ்பேனரா எடுத்துக்குங்க, ஆறு பக்கமும் புடிக்கும்."

அதில் பேச்சில்லை, எடுத்துக்கொண்டேன். குழாய் விஷயத்தில்தான் புத்தி கெட்டது. வழக்கமாக இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து மூட வேண்டும். கடைக்காரரிடம் ஒரே ஆளாகச் செய்யும்படி சின்ன வால்வு வைத்த குழாய் ஒன்றும் இருந்தது. காற்று வெளியே போகும், திரும்பி வராதாம். அதை வாங்கினேன். நல்ல சாமான் என்று நினைத்து வாங்கவில்லை. மனைவியிடம் போய், கொஞ்சம் வந்து மிதி என்று கேட்க வேண்டாமே என்றுதான்.

இரண்டு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வண்டிக்கு அடியில் கிடந்தேன். வால்வு சரியாக மூடவில்லையோ, திருகின் புரி வழியே காற்று ஏறியதோ, பெடல் மெத்தென்றேதான் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு அவளுக்கு ட்யூட்டி இல்லை. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். வாசற்படியில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இப்ப என்ன, லைன்ல ஏர் இருக்கு. அவ்ளோதானே?"

"ஆமாம்."

"இத நான் ஆஸ்பத்திரில தெனமும் எடுக்கறேங்க. மெடிக்கல்ல போயி ஒரு டிரிப் செட் வாங்கிட்டு வாங்க."

மருந்துக் கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். காருக்கு என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற அந்த டியூப்பை அளவாக வெட்டி, முனையை வெந்நீரில் முக்கி, திருகின் மேல் அழுத்தி மாட்டினாள். மறுமுனை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருந்தது. நான் ஸ்பேனரை எடுக்கப் போனேன். அவள் கையை நீட்டினாள்.

"நீங்க போயி மிதிங்க. நான் பாத்துக்கறேன்."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பின் சக்கரத்தருகே குந்தியிருந்த அவள் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "மிதிங்க. புடிங்க. நான் சொல்றவரைக்கும் கால எடுக்காதீங்க." டியூப்பை விரலால் சுண்டுகிற சத்தம். "ம், விடுங்க. இன்னொரு வாட்டி."

பத்துப் பன்னிரண்டு தடவை ஆகியிருக்கும். "போதும்னு நெனைக்கிறேன்," என்றேன்.

"நீங்க ஏன் நெனைக்கிறீங்க? நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இன்னும் வருது."

மறுபடி மிதித்தேன். ஒன்றும் தெரியாமல், இன்னொருவர் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு அந்தக் காருக்குள் நான் உட்கார்ந்தது அன்றுதான். அவள் இத்தனை நாளும் அப்படித்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவளுக்கு நான் கொடுத்ததெல்லாம், ஒண்ணும் ஆகாது என்ற ஒரு சொல்தான். வெட்கமாக இருந்தது.

நாலு சக்கரமும் முடிந்தபோது பெடல் பாதி தூரத்திலேயே கெட்டியாக நின்றது. மகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மனைவி மட்டும் ஏறினாள். தேவனாம்பட்டினம் ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, "இப்ப புடிங்க," என்பாள். பிடிப்பேன். வண்டி நிற்கும். ஏழெட்டு முறை அப்படி நிறுத்தச் சொன்னாள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கம் குனிந்து, எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

மகள் கதவைப் பிடித்தபடி ஏறாமல் நின்றாள். "அப்பா, இப்ப பிரேக் புடிக்குமா?"

வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"அம்மாவக் கேளும்மா," என்றேன்.