அமாவாசைக்கு இறங்கும் அச்சு

"மேடம் தவறிட்டாங்க சார்" என்று சூப்பர்வைசர் வந்து சொன்னபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜரீனா மேடம் காலையில் கோட்டக்குப்பம் வீட்டில் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நம் திண்டிவனம் ஆலையில் எந்தக் கார் கம்பெனிக்கு எந்தச் சரக்கு என்றைக்குப் போகவேண்டும் என்று திட்டம் போட்டவர் அவர். அன்று மாலைக்குள் லாரியில் ஏறவேண்டிய கதவுப் பூட்டு உறைகளும் அவர் வாக்குக் கொடுத்தவைதான்.

அவரோடு வேலை செய்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு எங்கள் சண்டைகள் தெரியும். நான் டூல் ரூம் பொறுப்பாளன். உருகிய துத்தநாகத்தை வாங்கிக்கொள்ளும் எஃகு அச்சுகள் எனக்குப் பிள்ளைகள் மாதிரி. அவருக்குத் தேதிதான் எல்லாம். நான் மெஷினை நிறுத்தச் சொல்வேன், அவர் ஓட்டச் சொல்வார். "உங்க அச்சைக் கொண்டுபோய் பூஜை ரூம்ல வெச்சிக்கோங்க அருள் சார், நான் வேற எதுலயாவது ஊத்திக்கிறேன்" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அந்த மனுஷியோடு மல்லுக்கட்டிய நாள்களில்தான் நான் துடிப்பாக இருந்தேன்.

பூட்டு உறை அச்சில் மயிரிழை போல விரிசல் கண்டபோது சண்டை முற்றியது. புது அச்சு வர மாதக்கணக்காகும். பழையது உடைந்தால் ஆர்டரே கையைவிட்டுப் போகும். அடிக்கடி மெஷினிலிருந்து இறக்கிப் பாலிஷ் போட்டால் பிழைக்கும், ஆனால் தேதி தவறும். மேடம் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அமாவாசைன்னா நம்ம ஆளுங்க பாதிப்பேர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிடறாங்க. நான் திட்டிக்கினுதான் இருக்கேன், அவங்க போய்க்கினுதான் இருக்காங்க. மிச்ச ஆளுங்கள வெச்சி ஓட்டுனா வர்றதெல்லாம் கழிவு. அன்னிக்கு அச்சை இறக்கிக்கோங்க. மறுநாள் காலையில சூடேத்தி ரெடியா இருக்கணும், சொல்லிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வருடக்கணக்காக நான் கெஞ்சிக்கேட்ட ஓய்வை அங்காளம்மன் பேரைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு அமாவாசையும் இறக்கினோம், கழுவினோம், விரிசலைத் தேய்த்தோம், மெல்லச் சூடேற்றி மாட்டினோம். அச்சு பிழைத்துக்கொண்டது, தேதியும் தவறவில்லை.

கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். அச்சுப் பராமரிப்பு எப்போதெல்லாம் நடக்கும் என்று கேட்டார். மேடம் அசராமல், "அமாவாசைக்கு அமாவாசைங்க" என்றார். சிரிப்பை அடக்க நான் தண்ணீர்க் குழாயைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். வந்தவர் அச்சைத் தடவிப் பார்த்தார், உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அடுத்த அமாவாசை என்னைக்கு?" என்றார். மேடம் பட்டென்று சொன்னார். கோயிலுக்குப் போகிற நம் ஆட்களே மொபைலைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

மேடம் தவறிய அன்று ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "நிறுத்திட்டு எல்லாரும் போலாம் சார்" என்றார்கள். நிறுத்தச் சொல்லியே பழகிய என் வாய், "முடிச்சிட்டுப் போலாம்" என்றது. அடக்கத்துக்குப் போய்ச் சேரமுடியாது என்று தெரிந்தே சொன்னேன். யாரும் சாப்பிடப் போகவில்லை. அந்த மெஷினில் அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே உற்சாகமாக வேலை செய்தோம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. லாரி கேட்டைத் தாண்டியதும் கம்பெனி பஸ்ஸில் ஏறினோம்.

கோட்டக்குப்பத்தில் மண் போட்டு முடித்திருந்தார்கள். அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி கிளம்பிடுச்சுங்களா? காலையில அதைத்தான் சொல்லிக்கினு இருந்தா."

"கிளம்பிடுச்சுங்க பாய்" என்றேன்.

டூல் ரூம்காரர்கள் எப்போது முடியும் என்று கேட்டால், "பாக்கலாம்" என்போம். நானும் அப்படித்தான் காலத்தை ஓட்டினேன். வாய்திறந்து ஒரு நாளைச் சொல்லி, அதற்குப் பிணையாக நிற்கும் தைரியத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று, புது அச்சு எப்போது ஏறும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "வெள்ளிக்கிழமை மத்தியானம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது மெஷினில் இருக்கும்.