குங்குமம் இட்ட ஈக்கள்

எழுபதுகளின் நடுவில் ஈ வளர்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடம். கொய்யாவையும் மாம்பழத்தையும் துளைத்து முட்டையிடுகிற பழ ஈயைக் கூண்டு கூண்டாக வளர்த்து, மலடாக்கி, தோப்பில் பறக்கவிடுவது எங்கள் வேலை. விலங்கியல் படித்திருந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மந்தைவெளியில் புகுந்த வீடு. கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவதில் என் நாத்தனாருக்குத் தனி ருசி. தி.நகரிலிருந்து வரும்போதெல்லாம், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

"ஈயையெல்லாம் மலடாக்கறாளாம். அந்தப் பாவம் சும்மா விடுமா?"

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எனக்குக் குழந்தை இல்லை. அது அவள் கணக்கில் வராது.

மாமியார் அவ்வளவு குத்திப் பேசமாட்டார். ஆனால் சாயங்காலம் நான் வீடு திரும்பினால், அழுகின வாழைப்பழமும் ஈஸ்ட்டும் கலந்த நாற்றம் என் புடவையில் வருகிறது என்று, நேராகக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார். குளித்த பிறகுதான் அடுக்களை. அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன், நாற்றம் உண்மைதான். நான் பொறுக்காதது வேறு. அவர் சொன்ன விரதமெல்லாம் இருந்தேன், ராமேஸ்வரம் போனேன், நாகப் பிரதிஷ்டை செய்தேன். அரச மரத்தை நான் சுற்றிய சுற்றில் அந்த மரத்துக்கே தலை சுற்றியிருக்கும். கடைசியில் மயிலாப்பூரில் ஒரு லேடி டாக்டரிடம் நானே போய்க் காட்டினேன். "உங்களிடம் ஒரு குறையும் தெரியவில்லை, கணவரை அழைத்து வாருங்கள்" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் பேப்பரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எனக்கென்ன?" என்றார்.

"ஆம்பளைக்கு என்னடி டெஸ்ட்டு? நம்மாத்துல அதெல்லாம் வழக்கமில்லை" என்றார் மாமியார். அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் வழக்கம் வேறு. ஈ கூட்டுப்புழுவாக இருக்கும்போதே அதற்குக் காமா கதிர் காட்டுவார்கள். அதிலிருந்து வரும் ஆண் ஈயைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பறக்கும், இறகை அதிரவைத்துப் பெண்ணை அழைக்கும், கூடும். பெண்ணும் முட்டையிடும். ஆனால் முட்டை பொரிக்காது. தோப்பில் இருக்கிற சாதாரண ஆண்களைவிட இவற்றை ஏராளமாக விட்டால் பெரும்பாலான பெண் ஈக்கள் இவற்றோடுதான் சேரும். மருந்தே தெளிக்காமல் அடுத்த தலைமுறையில் ஈ குறைந்துவிடும். கதிர் சரியாக வேலை செய்ததா என்று பார்க்க, அந்த ஆண்களோடு கதிர் படாத பெண்களைக் கூண்டில் விட்டு, அவை இட்ட முட்டைகளைக் கறுப்புத் துணியில் பரப்பி லென்ஸில் பார்ப்போம். அது என் பொறுப்பு. பொரிக்காத முட்டைகள் அப்படியே வெள்ளையாகக் கிடக்கும். அதைப் பார்த்து அங்கே ஒருவரும் பெண் ஈயைக் குறை சொன்னதில்லை. நான் அதைத் தினமும் பார்த்துவிட்டு, தினமும் பஸ் பிடித்து, குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பினேன்.

நாங்கள் ஈயை விட்டது ஆற்றங்கரையோரம் ஒரு கொய்யாத் தோப்பில். குத்தகைக்காரர் பெரிய மீசைக்காரர், வாய் அதைவிடப் பெரிது. முதல் நாள் நான் கூண்டைத் திறந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா, ஊர்ல கீற பூச்சி பத்தலன்னு நீ வேற வளத்துக்கினு வந்து வுட்றியா?"

"இதுக்குக் குடும்பம் பெருகாதுங்க" என்றேன்.

"அட! கவர்மென்ட்டு குடும்பக் கட்டுப்பாடு, செவப்பு முக்கோணம் எல்லாம் பூச்சி வரைக்கும் வந்துடுச்சா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த விஷயத்தில் நான் சிரித்த ஒரே நாள் அதுதான்.

விட்ட ஈ எது, தோப்பு ஈ எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தோம். கூட்டுப்புழுக்களின் மேல் சிவப்புச் சாயப்பொடியைத் தூவிவிடுவோம். ஈ தன் கூட்டை முட்டித் திறந்து வரும்போது அந்தப் பொடி அதன் நெற்றி மடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். புதுப் பழக்கம், நாங்கள் கொஞ்சம் தாராளமாகவே தூவினோம். ஒவ்வொன்றும் நெற்றியில் குங்குமம் வைத்ததுபோல் பறந்தது. பிறகு மரத்துக்கு மரம் பொறி தொங்கவிடுவோம். பொறியில் வைப்பது வேறொன்றும் இல்லை, நசுக்கின துளசி. இந்த ஜாதி ஆண் ஈக்குத் துளசி வாசனை என்றால் பைத்தியம். பெண் ஈ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

முதன்முதலாக ஈ விட்டதற்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை. நாத்தனார் வந்திருந்தாள், காபி குடிக்க அல்ல. கூடத்தில் என் கணவரை உட்காரவைத்து, எனக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு வருஷம் பொறந்தாத்துல போய் இருக்கட்டும்டா. அப்புறம் மத்ததெல்லாம் பாத்துக்கலாம்."

மத்தது என்ன என்பது எனக்குத் தெரியும். தி.நகரில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அவருக்கென்று பார்த்துவைத்த ஒரு பெண் இருந்தாள். முதலில் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது, பிறகு விலக்கிவிடுவது. என் கணவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான். என் வாழ்க்கை அந்தக் கூடத்தில் ஏலத்துக்கு வந்துவிட்டது, நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது முற்றத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எல்லாரும் ஓடி வாங்கோ! அம்பாள் வந்திருக்கா!"

தன் பிள்ளைக்கு ஜலதோஷம் என்று கஷாயத்துக்காகத் துளசி மாடத்தின் அருகிலேயே துளசியைக் கல்லில் இடித்துக்கொண்டிருந்தார். கல்லின் மேலும் மாடத்தின் மேலும் ஈக்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பு. ஆற்றைத் தாண்டி வந்திருக்கின்றன, என் பிள்ளைகள்.

"பாருங்கோ, ஈக்கெல்லாம் குங்குமம்! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, துளசியைத் தேடிண்டு வந்திருக்கு. இந்தாத்துல குழந்தை வரப்போறதுடி!" அவர் கண்ணில் ஜலம். என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருடங்களில் என் கையை அவர் அப்படிப் பிடித்ததில்லை. நாத்தனார்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொறந்தாத்துப் பேச்சு எங்கோ போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு லாபம். ஒரு வருடமாவது நிம்மதியாக ஓடும். ஆனால் என் ஈயை வைத்தே எனக்கு ஜோசியம் சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? கையை விடுவித்துக்கொண்டேன்.

"அம்மா, அது குங்குமம் இல்லை. நான் தூவின சாயம். இதெல்லாம் எங்க லேப்லேர்ந்து வந்த ஆண் ஈ. இதுல ஒண்ணுக்கும் சந்ததி கிடையாது."

"என்னடி உளர்றே? எல்லாம் பாக்க நன்னாத்தானே இருக்கு?"

"பாக்க நன்னாத்தான் இருக்கும். பறக்கும், கூடும், ஒரு குறையும் வெளியில தெரியாது. உங்க பிள்ளையும் பாக்க நன்னாத்தான் இருக்கார்."

மாமியார் கையிலிருந்த குழவி நழுவிக் கல்லில் விழுந்தது. ஈக்கள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன. என் கணவர் முற்றத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தே மீதியைச் சொன்னேன்.

"டாக்டர் என்னைப் பாத்தாச்சு. இனிமே உங்க முறை. பாத்துண்டு வாங்கோ. யார் எங்கே போறதுன்னு அப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் நான் எந்த மரத்தையும் சுத்தமாட்டேன், இந்த ஆத்தை விட்டும் நகரமாட்டேன்."

நாத்தனார் அன்று சாப்பிடாமலே பஸ் ஏறினாள். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நான் பாட்டுக்குச் சமைத்தேன், சாப்பிட்டேன், ஈ வளர்க்கப் போனேன். பல நாள் கழித்து ஒரு காலை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "எந்த டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

குறை அவரிடம்தான். டாக்டரிடம் போய்விட்டு வந்து அவரே சொன்னார். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது, சுற்றிய அத்தனை சுற்றுக்கும் சேர்த்து. ஆனாலும் அவரோடுதான் இருந்தேன். அது என் முடிவு, யாரும் எனக்குப் போட்ட பிச்சை இல்லை.

அடுத்த நாள் மாமியார் அடுக்களையில் ரகசியமாகச் சொன்னார். "வெளியில சொல்லிண்டு திரியாதேம்மா. ஆம்பளை மானம்."

"நானாப் போய்ச் சொல்லமாட்டேன். யாராவது என்னைக் கேட்டா சொல்லாம இருக்கமாட்டேன்" என்றேன். மலடி என்று ஊரெல்லாம் சொன்னபோது என் மானம் எங்கே போயிருந்தது?

அந்தப் பருவத்தில் குத்தகைக்காரர் கொய்யாவை நறுக்கிக் காட்டிச் சிரித்தார். நிறையப் பழங்களில் புழு இல்லை. ஆனால் பக்கத்துத் தோப்புகளில் நாங்கள் விடவில்லை, அங்கிருந்து ஈ வந்துகொண்டே இருந்தது. ஒரு தோப்பை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, எல்லாத் தோப்பிலும் செய்ய வேண்டும் என்று எழுதினோம். மேலே கேட்கவில்லை. வேலையை நிறுத்தச் சொன்னார்கள். ஈ தோற்கவில்லை, அவர்களுக்குத்தான் பொறுமை இல்லை என்று இன்றும் சொல்வேன்.

பிறகு நாத்தனார் பெண்ணுக்குத் தி.நகரில் வளைகாப்பு. வரிசையில் என் முறை வந்தது. தட்டிலிருந்து கண்ணாடி வளையலை எடுக்கப் போனேன். உறவில் ஒரு மாமி என் மணிக்கட்டைத் தொட்டாள்.

"நீ கொஞ்சம் ஒதுங்கிக்கோ. உனக்குத்தான்..."

மாமியார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண் கெஞ்சியது. நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லை மாமி. குறை இவா பிள்ளைகிட்ட. டாக்டர் சொல்லியாச்சு."

சிவப்பு வளையலாகப் பார்த்து எடுத்தேன். பெண் கையை நீட்டினாள். கை வீங்கியிருந்தது, வளையல் சின்னது. அவசரப்படாமல், எல்லாரும் பார்க்க, மெல்ல மெல்ல ஏற்றி முடித்தேன்.