பூண்டு உரித்த கை

லா சப்பலில் சமையல் படிக்கும் பிள்ளைகளுக்கு, மருந்தடிக்காமல் தோட்டம் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். சமையல்கூடத்தின் பின்முற்றம்தான் எங்கள் தோட்டம். அங்கே நிழலில், இலையே உள்ளிப்பூண்டு மணக்கும் காட்டுப்பூண்டு சமையலுக்கென்று வளர்கிறது. அதன் பக்கத்திலேயே, மே முதலாம் திகதி இங்கே பிரெஞ்சுக்காரர் எல்லோரும் கொடுத்து வாங்கும் மியுகே பூச்செடியும் நின்றது. இரண்டின் இலையும் ஒரே மாதிரி இருக்கும், மியுகே நஞ்சு. "கசக்கி மணந்து பாருங்கோ, உள்ளி மணந்தால் பிடுங்குங்கோ" என்பதுதான் என் பாடம். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

போன வசந்தத்தில் மாணவி தர்சினி ஒரு கூடை இலை பறித்துவந்து அரைக்கப் போனாள். மேலே கிடந்த இரண்டு இலைகள் ஒரே தண்டில் இருந்தன. காட்டுப்பூண்டு இலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் மண்ணிலிருந்து வரும்; ஒரே தண்டில் சோடியாக வருவது மியுகே. ஓடிப்போய் மிக்சியை நிறுத்தினேன்.

"மணந்து பாத்தனீரே?"

"ஓம் டீச்சர், எல்லாம் உள்ளிதான் மணந்தது."

அவள் கையை முகர்ந்தேன். காலை முழுக்கப் பூண்டு உரித்த கை! அதனால் எதைக் கசக்கினாலும் பூண்டுதான் மணக்கும்.

எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினோம். மியுகேயை அன்றே வேரோடு பிடுங்கிவிட்டேன். இப்போதெல்லாம் முதலில் தண்டைப் பார்க்கச் சொல்கிறேன். சமையல் வகுப்புக்கு முன்னால் தோட்ட வகுப்பை வைக்க வேண்டும் என்றும் பள்ளி நிர்வாகியிடம் கேட்டேன். ஏன் என்றார். பூண்டு உரித்த கையால் ஒரு சலாட் இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினேன். உடனே சம்மதித்தார்.