பட்டியலில் இல்லாத கேமரா

அக்காவின் கணவருக்கு மேலகரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் வயல். நெல் பால்பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். நான் தென்காசியில் இன்வெர்ட்டர் போர்டு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் கடைக்கு வந்த அத்தான், "ஏட்டி, ஊர்ல உள்ள போர்டையெல்லாம் நோண்டுதே. பன்னிய வெரட்ட ஒண்ணு பண்ண மாட்டியா?" என்றார்.

பண்ணினேன். எது அசைந்தாலும் நாய்க்குரைப்பு, வெடிச்சத்தம், மனிதக் கூச்சல் என்று மாற்றி மாற்றி அலறும் பெட்டி. சாரல் தொடங்கியதும் அதன் லட்சணம் தெரிந்தது. காற்றில் பயிர் ஆடினாலே அலறியது. இதற்குப் பன்றியே தேவலை என்றார்கள் பக்கத்து வயல்காரர்கள். உடல் சூட்டை உணரும் கேமரா இருந்தால் சரியாகிவிடும். அதன் விலைதான் எனக்கு எட்டவில்லை.

புதிய கண்டுபிடிப்புகளுக்கு அரசு உதவி தருவதாக அறிவிப்பு வந்திருந்தது. விண்ணப்பித்தேன். நேர்காணலில் ஒருவர், "இது ஏற்கெனவே எங்கயாவது நல்லா ஓடுதுன்னு சான்று இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். இது புதுசு."

"புதுசாத்தான் இருக்கணும். ஆனா நிரூபிச்சதாவும் இருக்கணும்ல?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்கள் கேட்ட தாள்களையெல்லாம் மறுபடி மறுபடி அனுப்பினேன். கடைசியில் உதவி கிடைத்தது. அக்கா பாயசம் வைத்தாள்.

பிறகுதான் பட்டியல் வந்தது. உதவிப் பணத்தில் அதிலுள்ள பொருட்களை மட்டுமே வாங்கலாம்: கணினி, பிரிண்டர், மேசை, நாற்காலி. கேமரா இல்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"லிஸ்ட்ல இல்லாதத வாங்கினா ஆடிட்ல மாட்டிக்குவீங்க மேடம். நாற்காலி வாங்கிக்கோங்க."

அத்தானிடம் சொன்னேன். "நாற்காலிய வச்சு என்னட்டி பண்ண? பன்னி வந்தா உக்காரச் சொல்லவா?" என்றார். அந்தப் போகத்தில் பாதி வயல் போயிற்று. அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆய்வுக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். பட்டியல்படி கடையில் வாங்கிவைத்த சாமான்களைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அத்தான் விடவில்லை. "வயலையும் பாத்துட்டுப் போங்க சார்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். சாய்ந்து கிடந்த பயிருக்கு நடுவில், தூறலில் நனைந்தபடி அந்த அதிகாரி வெகுநேரம் நின்றார்.

"அந்த லிஸ்ட நான் போடல அண்ணாச்சி" என்றார் மெதுவாக. ஆய்வுத்தாளின் பின்பக்கத்திலேயே, கேமரா அவசியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.

காத்திருந்து பொறுமை போய், அலறலுக்குச் சண்டைக்கு வந்த அதே வயல்காரர்களும் நாங்களும் பங்கு போட்டுப் பழைய கேமரா ஒன்றை வாங்கினோம். பெட்டி இப்போது பன்றிக்கு மட்டும்தான் அலறுகிறது. ராயகிரியிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து போன். திட்டத்தின் வெற்றிக் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பெட்டியோடு என் படம் வேண்டுமாம்.

"கேமரா அவசியம்னு ஆய்வுக்கு வந்த சார் எழுதின தாள் என்னாச்சு?"

"அது வேற செக்‌ஷன் மேடம்."

போனை வைத்துவிட்டுச் சத்தமாகவே திட்டினேன். பிறகு, புத்தகத்தைப் புரட்டும் யாராவது ஒருவர் அந்தக் கேமராவைக் கவனிக்க மாட்டாரா என்ற நப்பாசையில், அதை நடுவில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன்.