வளையம் இல்லாத நாரை

ரவாங்கில் என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்கு எதிரே இரண்டு படங்கள் மாட்டியிருக்கின்றன. நான்கு சுவரிலும் மணப்பெண்கள் தலை சாய்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் ஒரு நாரை, பக்கத்திலேயே மறுபடியும் அதே நாரை. வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு, கால் புதைய ஜெராம் கடற்கரைச் சேறு. ஆல்பம் பார்க்க வரும் அம்மாமார்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். "ஏன்மா, ஒரே பறவையை ரெண்டு மாட்டி வெச்சிருக்கீங்க?" என்பார்கள். "ஒன்னு எடுத்தா ஒன்னு இலவசம் லா ஆன்ட்டி" என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். பல வருடங்களாக இதே பதில்தான். சிரித்துவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

இந்தப் படங்கள் எடுத்த காலத்தில் கடை என்னுடையது இல்லை, அக்காவுடையது. கூடப் பிறந்தவர் இல்லை, முதலாளி. எங்கள் ஊரில் முதலாளி பெண்ணாக இருந்தால் அக்காதான். அவர் படம் எடுப்பார், நான் கணினியில் உட்கார்ந்து சுத்தம் செய்து ஆல்பம் கோப்பேன். தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வரும் பெரியவர்களை முழங்கையால் ஒரு இடி இடித்து இடம் பிடிப்பார். படம் முடிந்ததும் அதே பெரியவரிடம் போய் "மன்னிச்சுக்குங்க மாமா" என்று கும்பிடுவார். கல்யாணம் இல்லாத நாளில் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். வீட்டுக்குப் பின்னால் ஓடிய சிலாங்கூர் ஆற்றை முழுசாகப் படமெடுக்க வேண்டும் என்பது அவர் வைராக்கியம். கோலா குபு பாருவுக்கு மேலே கல் தெரிய ஓடும் தண்ணீர், எஸ்டேட்டுகளைத் தாண்டும்போது தேத்தண்ணி நிறமாகி, கோலா சிலாங்கூரில் கண்டல் மரங்களுக்கு நடுவே கடலில் விழும்வரை எடுத்திருந்தார். மலாவத்தி குன்றில் குட்டிகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாம்பல் குரங்குகளுக்காக ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறார். "மாப்பிள்ளையைச் சிரிங்கன்னா சிரிப்பாரு. குரங்குகிட்ட சொல்லிப் பாரு, அப்பத் தெரியும் தொழிலு" என்பார்.

ஓர் ஆனி மாதம், ஜெராம் கரையில் அந்த நாரையை எடுத்துக்கொண்டு வந்தார். மலாய்க்காரர்கள் உப்பே என்று சொல்லும் பறவை, பார்ப்பதே அபூர்வமாம். பறவைக் கணக்கு வைத்திருக்கும் ஒரு குழுவுக்கு அனுப்பவேண்டும், வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்று என்று என்னிடம் தந்துவிட்டு மண்டபத்துக்கு ஓடிவிட்டார். ஆனியில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அன்று காலையிலிருந்து நான் ஒரு மணப்பெண்ணின் செருப்பில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை அழித்திருந்தேன், மாமியாரின் புடவை ஊசியை அழித்திருந்தேன், மாப்பிள்ளை கன்னத்துப் பருக்கள் அத்தனையையும் அழித்திருந்தேன். அதே கையோடு நாரையைத் திறந்தேன். கால் முட்டிக்கு மேலே கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சேறு என்று நினைத்தேனா, குப்பை என்று நினைத்தேனா, எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு சொடுக்கு. கால் சுத்தமாகிவிட்டது. பழைய படத்தின் மேலேயே அதே பெயரில் சேமித்து அனுப்பினேன். கேமரா அட்டையை ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்காக அழித்தும் வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் அந்தக் குழுவிலிருந்து போன் வந்தது. ஒரே கொண்டாட்டம். கூண்டில் வளர்த்து வெளியே விடும் நாரைகளுக்குக் காலில் வளையம் போட்டிருப்பார்களாம். இதன் காலில் வளையம் இல்லை. ஆகவே இது காட்டிலேயே பிறந்த பறவை, பெரிய சேதி என்றார்கள். பத்திரிகையிலிருந்து ஒருவர் பேட்டிக்கு வருவதாகவும் சொன்னார்கள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.  அந்தக் கறுப்பு என்ன என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

"இல்லைங்களே, வளையம் இருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றார் அக்கா. படத்தில் இல்லையே என்றார்கள். அக்கா படத்தைத் திறந்து பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நான் வேலையை நறுவிசாகச் செய்கிறவள். ஒரு புள்ளி மிச்சம் வைத்திருக்கவில்லை. அப்போதுதான் அவர் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தார். அதைக் கழற்றி முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கண்ணு ஏமாத்திருச்சு போல" என்று மெதுவாகச் சொன்னார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கல்யாண ஆல்பத்தின் பக்கங்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, என் கைக்குத் தவறே வராது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது போய்விடுமே என்ற பயம். இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

வேறு யாராக இருந்தாலும் சும்மா வந்த பேரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா பேட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பாக்காததைப் பாத்தேன்னு சொல்லக் கூடாது. பாத்ததைப் பாக்கலைன்னும் சொல்ல மாட்டேன். ஆடி வரட்டும், போய் மறுபடி எடுப்போம்" என்றார். ஆடியில் தமிழர் வீட்டுக் கல்யாணம் கிடையாது. மற்ற கடைக்காரர்கள் அந்த மாதத்தைத் தூங்கிக் கழிப்பார்கள். நாங்கள் ஆடி ஒன்றாம் தேதியே காடியில், அதாவது அக்காவின் காரில், கேமராவை நிறுத்தும் முக்காலியையும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். என்னை அவர் கூப்பிடவில்லை. நானாகத்தான் கூட வருகிறேன் என்றேன். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அந்த மாதம் நாங்கள் போகாத கரை இல்லை. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு வாரம், கண்டல் காட்டு மரப்பாலத்தில் நான்கு நாள், மிச்சமெல்லாம் ஜெராம். கடல் எப்போது இறங்கும் என்பதற்கு அவர் கடை நாட்காட்டியைத்தான் பார்ப்பார். அமாவாசையும் பௌர்ணமியும் மற்ற வீடுகளில் கவிச்சி சமைக்காத நாள். அக்காவுக்குக் கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாள். உச்சி வெயிலில் தண்ணீர் போய்விடும், பறவைகளும் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். பிற்பகலில் தண்ணீர் ஏற ஏற அவையும் கரைப்பக்கம் வரும். அதற்காகக் கரையிலேயே காய்ந்தோம். கொக்கு வந்தது, மீன்கொத்தி வந்தது, மொட்டைத் தலை நாரைகூட வந்தது. உப்பே வரவில்லை. சேற்றில் ஒருமுறை அக்கா முழங்கால்வரை இறங்கி, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மீனவர் ஒருவர், "என்னா தேடுறீங்க, நகை விழுந்துருச்சா?" என்று கேட்டார். "ஒரு வளையம்ணே" என்றார் அக்கா. அவரும் கொஞ்ச நேரம் குனிந்து தேடினார். நான் சிரிக்கவில்லை. தினமும் சொல்லிவிடுவது என்று கிளம்புவேன், சொல்லாமல் வீடு திரும்புவேன்.

ஆடி அமாவாசையன்று கரையில் கூட்டம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களும் எள்ளும் வாழை இலையுமாகக் காலையில் கடற்கரை நிறைந்திருந்தது. இன்று எந்தப் பறவை வரப்போகிறது என்றேன். அக்கா அசையவில்லை. கூட்டம் கலைந்து, தண்ணீர் இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கிய நேரத்தில் அது வந்து இறங்கியது. சேற்றில் ஒவ்வோர் அடியாக வைத்து எங்களை நோக்கியே நடந்தது. அக்கா கேமராவில் கண்ணை வைத்தார். வெகுநேரம் பொத்தானை அழுத்தவில்லை. பிறகு நகர்ந்து நின்று, "நீ பாரு. என் கண்ணை நான் நம்பலை" என்றார்.

பார்த்தேன். நான் அழித்த அதே இடத்தில் கறுப்பு வளையம், அதில் வெள்ளை எழுத்து. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இருக்குக்கா. அன்னைக்கும் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்" என்றேன்.

"அப்புறமா அழு. இப்ப நகரு, பறவை திரும்புது" என்று என்னைத் தோளால் தள்ளிவிட்டு எடுக்க ஆரம்பித்தார்.

காடியில் திரும்பும்போது அசாம் ஜாவா ஊரைத் தாண்டினோம். அப்புறம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அழிச்சது கை. கை தப்புப் பண்ணும். இத்தனை நாளா பக்கத்துலயே உக்காந்து சோறு தின்ன. எனக்குக் கண்ணு போச்சுன்னு நான் நெனச்சிக்கிட்டு இருந்தப்ப, ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?"  

மறுநாள் புதிய படத்தோடு அவர் அந்தக் குழுவுக்குக் கடிதம் அனுப்பினார். முதல் படத்தில் வளையத்தை அழித்தது எங்கள் கடை, தவறு எங்களுடையது என்று எழுதினார். என் பெயர் இல்லை. திருத்திக்கொண்டோம், நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குமேல் யாரும் போன் செய்யவில்லை, பேட்டிக்கும் ஆள் வரவில்லை. அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி விட்டுக்கொண்டு ஆவணிக் கல்யாணங்களுக்குத் தயாரானார். என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. இரண்டு படங்களையும் சட்டம் போட்டு என் நாற்காலிக்கு நேராக மாட்டினார். அவ்வளவுதான் தண்டனை. பல வருடம் கழித்துக் கடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போனபோது, தன் படங்கள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டார். இந்த இரண்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் போன் செய்வார். "ரெண்டும் இருக்கா?" என்பார். "இருக்குக்கா" என்பேன்.

போன வாரம் ஒரு கல்யாணப் பெண் தனியாக வந்திருந்தாள். சோபாவில் உட்காராமல் படங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அக்கா, இந்தப் படத்துல கால்ல வளையம் இருக்கு, அந்தப் படத்துல இல்லை. ஒரே பறவைதானே?" என்றாள். இத்தனை வருடத்தில் அதைக் கவனித்த முதல் ஆள். இலவசம் என்ற பதில் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"ஒரே பறவைதான்மா. நான்தான் அழிச்சேன். அழிச்சிட்டுச் சொல்லாம இருந்தேன்" என்றேன்.

அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் போனதும் ஜொகூருக்குப் போன் போட்டேன். ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. எடுத்ததும் அக்கா பதறிப்போய், "என்னாச்சு, படம் விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

"இல்லைக்கா. இன்னைக்கு ஒருத்திகிட்ட சொல்லிட்டேன்."

 "சரி, இனிமே நீ அந்த ரெண்டு படத்தையும் கழட்டிடலாம்" என்றார் அக்கா.

நான் கழற்றவில்லை.